முடிந்தால் திரும்பவும்

வால்டெரோய் தீவில்
மீன்வாடை அடிக்கும் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார் ஊட்முண்ட்.
"ஓரத்தில் ஒரு கீறல். மற்றபடி நல்ல பொருள்.
கையுறையோடு அழுத்தினாலும் கேட்கும்."
அறுநூறு குரோனர்.
எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
கதவைச் சாத்திவிட்டார்.

ஹேண்டில்பாரில் பொருத்தித் திருகினேன்.
விழித்துக்கொண்டது.
டேனிஷ்காரி ஒருத்தியின் குரல்.
வாய்க்குள் சூடான உருளைக்கிழங்கோடு பேசுகிறவர்கள் என்று
நாங்கள் அவர்களைக் கேலி செய்வோம்.
இருநூற்றைம்பது மீட்டரில் இடப்பக்கம் என்கிறாள்.
அந்த ஐம்பது எனக்குப் புரிவதற்குள்
இடப்பக்கம் போய்விடுகிறது.

பழையதை அழிக்காமலே விற்றிருக்கிறார் மனிதர்.
சேமித்து வைத்தவை மூன்றே இடங்கள்:
மலிவு பெட்ரோல்
போகாதே
வீடு

அவர் வாசலில்தான் நிற்கிறேன்.
வீடு எண்பத்தொரு கிலோமீட்டர்
என்கிறது திரை.

எனக்கும் அந்தத் திசைதான்.
ஃபியோர்டின் அக்கரையில், மொல்டேயில்,
ஆறு வாரமாக ஓர் அறை.
தபால்பெட்டியில் இன்னும் முந்தைய ஆளின் பெயர்.
தெரு எண்ணைக் கேட்டால்
சாவிக்கொத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.
அதனால் வீடு என்பதை அழுத்தினேன்.
யாருடையதானால் என்ன.

ஓலெசுண்டுக்குக் கடலுக்கு அடியில் போகவேண்டும்.
சுரங்கம் சரியச் சரிய
செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.
அம்பு மட்டும் நிற்கவில்லை.
என் கடைசி வேகத்தை நம்பி
நீலத்தின் மேல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.
நானோ சால்மன் லாரி ஒன்றின் பின்னால்
நாற்பதில் ஊர்ந்துகொண்டிருந்தேன்,
ஹெல்மெட் கண்ணாடிக்குள் என் மூச்சே பனியாக.
எனக்கு முன்பே கரையேறிவிட்டது.
வெளிச்சத்துக்கு வந்ததும்
கொஞ்சமும் வெட்கமில்லாமல்
பின்னால் ஓடிவந்து என்னோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு மழை.
வளைவுக்கு வளைவு மழை.
ஊதாக் கோடு வெஸ்ட்னெஸ் துறைக்கு வந்து
துறையையும் தாண்டித்
தண்ணீருக்குள் இறங்கி
நடுவில் நின்றது.

படகில் மோட்டார்சைக்கிள்களுக்கு முதலிடம்.
எஸ்கில் என்று சட்டையில் எழுதியிருந்த பையன்
சக்கரத்துக்கு ரப்பர் ஆப்பு வைத்தான்,
இருக்கைக்கு மேலாகப் பட்டையை இழுத்துக் கட்டினான்.
கருவியைக் கழற்றிக்கொண்டு மேலே போனேன்.
காபி. ஒரு ஸ்வேலே,
மடித்து, உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும்.
மேசையில் வைத்த கருவியில்
கிலோமீட்டர் குறைந்துகொண்டே வந்தது,
நான் எதையும் ஓட்டாமலே.

பதினேழாவது நிமிடம் டேனிஷ்காரி சொன்னாள்:
"நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது. வீடு."

பக்கத்து மேசைச் சிறுமி ஜன்னலைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
சாம்பல் நிறத் தண்ணீர்.
எதிலோ உட்கார்ந்தாற்போல மிதக்கும் ஒரு கடற்காகம்.
மழை விழுந்து மறையும் குழிகள்.

கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்,
ஊட்முண்ட் என்று ஒருவர், வால்டெரோய்க்காரர், தெரியுமா?
"எந்த ஊட்முண்ட்?
இந்தக் கரையில் கல்லெறிந்தால்
ஏதாவது ஓர் ஊட்முண்ட் மேல்தான் விழும்."

யாரையாவது இங்கே தொலைத்திருப்பாரோ.
ஒரு நாள் இந்த மேசையில், நடு ஃபியோர்டில்,
இதுபோதும் என்று தோன்றிப் பொத்தானை அழுத்தியிருப்பாரோ.
கையுறை தவறிப் பட்டிருக்கவும் கூடும்.
வெண்ணெய்க் கையாகவும் இருக்கலாம்.

படகு நிற்கவில்லை.
"முடிந்தால் திரும்பவும்" என்றாள்.
சிறுமிக்குச் சிரிப்பு.
"முடிந்தால் திரும்பவும்."
அவள் அப்பாவும் சிரித்தார்.
சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் எங்கே என்று தெரியும்.
குறைக்கவில்லை.
மொல்டேயின் விளக்குகள் தெரியும்வரை
அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்,
குரலில் எரிச்சல் ஏறாமல்,
அத்தனை முறை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

எஸ்கில் ஆப்பை உருவினான்.
இரும்புப் பலகை இறங்கியது.
மழையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்
இன்னொன்றையும் தொட்டுப் பார்த்தேன்.

போகாதே: வடக்கே இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
சனிக்கிழமை மழை இல்லையாம்.